மலையகத் தோட்டங்களில் அறக்காயத்தை அளப்பது எப்படி

சரி என்று நம்பியதற்கு மாறாகத் தானே நடந்ததாலோ பிறர் நடந்ததாலோ மனதில் விழும் காயம்தான் அறக்காயம். மண்சரிவில் கிழவியை விட்டுவிட்டு ஓடி வந்தவருக்கு உள்ளே இருப்பது வெட்கம். ஆபத்து என்று தெரிந்தும் மேலே இருப்பவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைப்பவருக்கு இருப்பது ஆத்திரம். 2014 ஒக்டோபர் 29 இலங்கையின் மீரியபெத்த தோட்டத்தில் நடந்த மண்சரிவுக்குப் பிறகு, முன்னெச்சரிக்கை இருந்தும் மக்கள் ஏன் அந்த லயங்களிலேயே (தோட்டத்து வரிசை வீடுகளிலேயே) இருந்தார்கள் என்று எழுந்த கேள்வி இரண்டாவது வகை. இரண்டுமே அறக்காயம்தான். ஆனால் இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் கலக்கக் கூடாது.

அதனால் அளவுகோலைப் பார்த்து எடுங்கள். 2013இல் வந்த எம்.ஐ.ஈ.எஸ். (அறக்காயச் சம்பவ அளவுகோல்) 9 கேள்விகள் கொண்டது. நடந்த சம்பவத்தையும் அதனால் வந்த வேதனையையும் சேர்த்தே கேட்கிறது. விளைவை மட்டும் அளக்க 2022இல் வெளியான எம்.ஐ.ஓ.எஸ். (அறக்காய விளைவு அளவுகோல்) நல்லது. அதில் 14 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி, மொத்தம் 56. வெட்கத்துக்கு 7 கேள்விகள், நம்பிக்கை முறிவுக்கு, அதாவது மேலே சொன்ன ஆத்திரத்துக்கு, 7 கேள்விகள். இந்த இரண்டு கூட்டுத்தொகையையும் தனித்தனியாக எழுதுங்கள். இவை படைவீரர்களை வைத்து உருவானவை. அங்கே வகுத்த எல்லைப் புள்ளியைத் தோட்டத்துக்கு அப்படியே கொண்டுவந்து "இவருக்கு நோய்" என்று முத்திரை குத்த வேண்டாம்.

இடமும் நேரமும்தான் பாதி வேலை. லயத்தில் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். பிள்ளைகள் போன பிறகு பிள்ளை மடுவம் (தோட்டத்துக் குழந்தை பராமரிப்பு இடம்) நல்ல இடம். கொழுந்து எடுக்கும் நேரத்தில் கூப்பிடாதீர்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) விழும், அந்தக் கவலையும் உங்கள் புள்ளியில் ஏறும். கங்காணியோ தொழிற்சங்கத் தலைவரோ பக்கத்தில் இருந்தால் நம்பிக்கை முறிவுப் பகுதி முழுக்கப் பூச்சியம் வரும். அந்தத் தாளைக் கிழித்துவிடலாம்.

முதலில் எந்தச் சம்பவம் என்று அவரே ஒன்றைச் சொல்லட்டும். விவரம் தோண்ட வேண்டாம், நினைவில் நிறுத்தினால் போதும். பிறகு கடந்த ஒரு மாதத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்று தலையாட்டுவது இங்கே வழக்கம். வெறுமையிலிருந்து நிரம்பி வழிவது வரை ஐந்து பிளேன்டீ கிளாஸ் வரைந்த அட்டையை நீட்டி விரலால் தொடச் சொன்னால் இது வெகுவாகக் குறையும். பதில் சொல்லாத கேள்விக்குப் பூச்சியம் போடாதீர்கள், வெற்றாக விடுங்கள். புள்ளியோடு பழக்கத்தையும் கேளுங்கள்: "அதுக்குப் பொறகு திருவிழாவுக்குப் போனீங்களாக்கா? கோயில்ல நிக்க மனசு கூசுதா?" ஒதுங்கிப் போவது அட்டையில் தெரியாது, இதில் தெரியும்.

மனச்சோர்வுக்கு பி.எச்.கியூ.-9 படிவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் சாகும் எண்ணத்தைக் கேட்கும் 9ஆம் கேள்விக்கு 1 வந்தாலே அளப்பதை நிறுத்துங்கள். வீட்டில் மருந்துத் தண்ணீர் (பூச்சிமருந்து), களைகொல்லி இருக்கிறதா என்று கேட்டு அகற்ற ஏற்பாடு செய்யுங்கள். ஆளைத் தனியே விடாமல் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள், வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.

மறு அளவீடு நான்கு வாரத்துக்கு முன் வேண்டாம், ஒரே மாதத்தை இரண்டு தடவை கேட்டதாகிவிடும். கேட்பவரும் அதே ஆளாக இருக்கட்டும். வெட்கம் இறங்கி ஆத்திரம் ஏறினால் மொத்தம் அசையாமல் நிற்கும். தனித்தனியாக எழுதியிருந்தால்தான் அது கண்ணில் படும்.