முதல் மூன்று மாதம் ஊசியை எடுத்துப் போகாதீர்கள்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஃபார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மதுரை. கறுப்பினத்தவர் அதிகம் வாழும் மேற்குப் பகுதியில், ஒரு சலூனில் முதன்முதலாகத் தடுப்பூசி முகாம் போட்டபோது நாற்பது டோஸ் ஃப்ளூ ஊசி கொண்டுபோனேன். மூன்று பேர் போட்டுக்கொண்டார்கள். அதில் ஒருவர் எங்கள் வண்டியை ஓட்டி வந்தவர்.

தப்பு என்னுடையதுதான். அன்று சனிக்கிழமை காலை, கடை நிரம்பி வழிந்தது. கூட்டம் இருந்தால் நல்லது என்று நினைத்திருந்தேன். ஆனால் எழுந்து வந்தால் முடிவெட்டும் முறை போய்விடுமே, யார் வருவார்? கடைக்காரரைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார். நான் தேதியைக் குறித்து, துண்டறிக்கையும் அச்சடித்துவிட்டு, "ஓரமாக ஒரு மேசை போட்டுக்கொள்ளட்டுமா?" என்று மட்டும் கேட்டிருந்தேன்.

ஆகவே நீங்கள் இந்த வேலையில் இறங்கினால், முதலில் வெறுங்கையோடு போங்கள். அந்தத் தெருவில் யார் பேச்சு எடுபடும் என்று பாருங்கள். மதுரையில் அப்பா முடிவெட்டப் போகும் கடையில் பாதி ஊர்க்கதை தீர்ந்துவிடும், இங்கேயும் அப்படித்தான். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் தாமஸ் பல ஆண்டுகளாகச் சலூன்காரர்களுக்கு உடல்நல விஷயங்களில் பயிற்சி கொடுத்து வந்தவர். 2021இல் சலூன்களிலேயே கொரோனா ஊசி போட 'ஷாட்ஸ் அட் த ஷாப்' திட்டம் வந்தபோது அதற்குப் பின்னால் சலூன்காரர்களோடு இருந்த அந்தப் பழைய பழக்கம் இருந்தது.

எங்கள் கடைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "இதில் உனக்கு என்ன கிடைக்கிறது, டாக்?" மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஊசிக்கு மருந்துக்கடைக்குக் காசு வரும், எனக்குச் சம்பளம் வரும் என்றேன். அடுத்ததாக டஸ்கிகி பற்றிக் கேட்டார். 1932 முதல் 1972 வரை அலபாமாவில் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல் அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்த கதை. பால்டிமோரில் அதோடு ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் பெயரும் வரும். 1951இல் அவரைக் கேட்காமலேயே ஆராய்ச்சிக்காக அவர் உடலின் செல்களை எடுத்தது இந்த ஊரில்தான். இந்த இடத்தில் "அது அந்தக் காலம்" என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். நடந்தது உண்மை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்.

அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். பிரஷர் பார்க்க ஆள் வேண்டும் என்றார். சரி, மூன்று மாதம் செவ்வாய் சாயங்காலம் பிரஷர் மிஷினோடு மட்டும் போனேன். செவ்வாய் அந்தக் கடையில் கூட்டம் குறைவான நாள், தேதியை அவர்தான் குறித்தார். நான்காவது மாதம் ஊசியைப் பற்றி அவரே பேச்செடுத்தார். முதல் ஊசியும் அவருக்குத்தான், எல்லோரும் பார்க்க, அவருடைய நாற்காலியிலேயே.

அவர் நேரத்துக்குக் காசு கொடுங்கள். மானியத் தொகையில் அவரைப் போன்ற கூட்டாளிக்கான பங்கை முதல் வரியிலேயே எழுதுங்கள். கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்றால் மிஞ்சாது.

செலவு விஷயம் பலருக்குத் தெரியாது. மெடிகேர் என்ற முதியோருக்கான அரசுக் காப்பீட்டில், மருந்துச் செலவுக்கான டி பிரிவில் இருப்பவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து அக்கி ஊசி இலவசம். முன்பு கைக்காசு கேட்டதால் போடாமல் திரும்பிப் போனவர்கள் இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காப்பீடே இல்லாதவர்கள்தான் சிக்கல். குழந்தைகளுக்கு இருப்பது போன்ற இலவசத் தடுப்பூசித் திட்டம் பெரியவர்களுக்கு இல்லை. அதனால் முகாமுக்கு முன்பே சுகாதாரத் துறையிடம் பேசி, காப்பீடற்றவர்களுக்கு எத்தனை டோஸ் தருவார்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அவரோடு பத்துப் பேர் போய்விடுவார்கள்.

அக்கி ஊசி போட்டால் இரண்டு மூன்று நாள் கை வலிக்கும், காய்ச்சல்கூட அடிக்கலாம். இதை முன்கூட்டியே சொல்லுங்கள், "ஒன்றும் செய்யாது" என்று சொல்லிவிடாதீர்கள். பஸ் ஓட்டுபவருக்கு மறுநாள் விடுப்பு என்றால் சம்பளம் போச்சு. அவருடைய ஓய்வுநாளைக் கேட்டு அதற்கு முந்தைய சாயங்காலம் போடுங்கள். இரண்டாவது டோஸ் இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். அதைக் கடைக்காரரின் நோட்டில் முடிவெட்டும் தேதியோடு சேர்த்துக் குறிக்க அந்த ஆளிடமே சம்மதம் வாங்கிக்கொண்டோம். எங்கள் ஃபோன் மெசேஜுக்கு வராதவர்கள் அவர் சொன்னால் வருகிறார்கள்.

எல் சால்வடோரிலிருந்து குடியேறியவர்கள் அதிகம் வரும் சர்ச்சில் கதை வேறு. அங்கே பயம் காகிதத்தின் மேல், எழுதிக் கொடுத்தால் குடியேற்ற அதிகாரிகளிடம் போய்விடுமோ என்று. அடையாள அட்டை கேட்க மாட்டோம் என்று ஸ்பானிய மொழியில் வாசலிலேயே எழுதி வைத்தோம். படிவத்தில் அரசு ஆளுக்கு ஆள் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கான கட்டத்தை எடுத்துவிட்டோம். சீருடைக் காவலாளியை நிறுத்தவில்லை. மொழிபெயர்க்க பேரப்பிள்ளையை இழுக்காதீர்கள். பாட்டி தன் நோயைப் பன்னிரண்டு வயதுப் பையன் முன்னால் எப்படிச் சொல்வார்?

ஊசிப் பெட்டி இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும், கடுமையான ஒவ்வாமை வந்தால் கொடுக்க எபிநெஃப்ரின் மருந்து கையில் இருக்க வேண்டும், போட்டவர் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு நல்ல நாற்காலியும் காபியும் வையுங்கள். அடுத்த முகாமுக்கு யார் வருவார் என்பது அங்கே நடக்கும் பேச்சில்தான் முடிவாகிறது.

முகாம் முடிந்த வாரம் கணக்கைக் கடைக்காரரிடம் கொடுங்கள், பெயர்கள் இல்லாமல், எண்ணிக்கை மட்டும். நான் இருபத்தாறு என்றேன். அவர் நோட்டைப் புரட்டிவிட்டு, வராத ஏழு பேரின் வேலை நேரத்தைச் சொன்னார். அதனால் அடுத்த செவ்வாய் இரவு எட்டரைக்குப் போகிறோம்.