மருந்துச் சீட்டில் எஸ்.ஓ.எஸ். என்றால் என்ன?

ஜிப்மரிலோ கடலூர் அரசு ஆஸ்பத்திரியிலோ சீட்டு வாங்கியதும், பஸ் ஏறும் முன் மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். பெரும்பாலும் லத்தீன் சுருக்கங்கள்தான். பி.டி. என்றால் தினம் இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கும்போது. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன் (குளிர்சாதனம் இல்லை!).

அதிகம் மிரட்டுவது எஸ்.ஓ.எஸ். பயப்பட வேண்டாம், ‘சி ஓபஸ் சிட்’, அதாவது தேவைப்பட்டால் மட்டும். வலியோ காய்ச்சலோ இருந்தால் போடுவது. ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை, எவ்வளவு இடைவெளி என்பதை டாக்டரிடமே கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

ஓ.டி. என்றால் மாத்திரைக்குத் தினம் ஒரு வேளை. கண்ணாடிச் சீட்டில் அதுவே வலது கண். கையெழுத்து புரியவில்லையா? மருந்து கவுன்டரில் கேட்காமல் நகராதீர்கள்.