காலையில் கடை சிஸ்டம் எழுந்திருக்க மறுக்கிறதா? ஸ்டார்ட்அப் பட்டியலைப் பாருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடையோ, லீ பஜார் மண்டியோ, காலையில் முதல் ஆள் வந்து நிற்கும்போது பில் போட சிஸ்டம் தயாராக இருக்க வேண்டும். திரை வந்துவிடுகிறது, ஆனால் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கணக்கு மென்பொருளான டேலி திறக்கவில்லை என்றால், நாம் திறக்காமலே சிஸ்டத்தோடு தானாகக் கிளம்பும் 'ஸ்டார்ட்அப்' புரோகிராம்கள் பின்னால் முண்டியடிக்கின்றன என்று பொருள். புது சிஸ்டத்துக்குப் பணம் எண்ணுவதற்கு முன் இதற்கு அரை மணி நேரம் கொடுங்கள்.

முதலில் அளவெடுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்து, லோகோ தெரிந்ததிலிருந்து டேலியில் கம்பெனி பெயர் வரும்வரை எத்தனை நிமிடம் என்று போனில் பாருங்கள். ஷட் டவுன் செய்து அளந்தால் கணக்குத் தப்பும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் ஒரு பகுதி டிஸ்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எடுக்கப்படும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 10-ல் மேலே 'ஸ்டார்ட்அப்' டேப், 11-ல் இடப்பக்கம் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்'. 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' தலைப்பைக் கிளிக் செய்தால் பட்டியல் சுமைப்படி அடுக்கப்படும். 'ஹை' என்ற சொல்லைப் பார்த்ததும் பதற வேண்டாம். ஒரு நொடிக்கு மேல் பிராசஸர் நேரமோ, 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையோ எடுத்தாலே அப்படிக் காட்டும். எஸ்எஸ்டி என்ற வேகமான புதுவகை டிஸ்க் உள்ள சிஸ்டத்தில் அது உறைக்கவே உறைக்காது. பழைய ஹார்ட் டிஸ்கில் அதுபோல் பத்து சேர்ந்தால்தான் திணறல்.

மீட்டிங் ஆப், பாட்டு ஆப், கேம் லாஞ்சர் எல்லாவற்றையும் வலது கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுக்கலாம். புரோகிராம் அழியாது, தானாகக் கிளம்பாது, அவ்வளவுதான். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் அணைக்காதீர்கள். மூன்று, நான்கு அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, ஒரு பில் அச்சடித்துப் பாருங்கள். பிறகு அடுத்தது. அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ் தட்டச்சு, ஆன்டிவைரஸ், டச்பேட், கரண்ட் போனால் சிஸ்டத்தை ஒழுங்காக மூடும் யுபிஎஸ் மென்பொருள் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள்.

ஏற்காட்டுத் தோட்ட அலுவலகம் மாதிரி நெட் மெதுவாக இருக்கும் இடத்தில், ஃபைல்களை நெட்டில் சேமிக்கும் ஒன்டிரைவ் காலையிலேயே லைனை அடைத்துக்கொள்ளும். அதை அணைக்குமுன் டெஸ்க்டாப் ஃபோல்டர் அதில் பேக்கப் ஆகிறதா என்று பாருங்கள். ஆகிறது என்றால், அணைத்தபின் நீங்களே திறக்கும்வரை புதுக் கணக்கு எதுவும் மேலே ஏறாது. ஒன்டிரைவ் செட்டிங்கில் அப்லோடு வேகத்துக்கு வரம்பு வைப்பதே நல்லது.

பிரவுசரை மூடினாலும் மூடாது. குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் போய், மூடிய பிறகும் பின்னணி ஆப்களை ஓடவிடும் சுவிட்சை அணையுங்கள். எட்ஜில் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்'.

அதிகம் கெடுவது, பின்னணியில் ஓடும் சர்வீஸ்களை அணைக்க உதவும் எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில்தான். மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைத்துவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார்கள். இ-சேவை மையம் நடத்துபவர்கள் இதைச் செய்யவே கூடாது. கைரேகைக் கருவியை ஆதார் சரிபார்ப்போடு இணைக்கும் ஆர்டி சர்வீஸும் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. அது நின்றால், வரிசையில் நிற்கும் பாட்டி விரலை எத்தனை முறை துடைத்து வைத்தாலும் ரேகை ஏறாது. தப்பு அவர் விரலில் இல்லை. விண்டோஸ் விசையும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி, சர்வீசஸ் டாட் எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் அடித்து, அந்த சர்வீஸை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி 'ஸ்டார்ட்' கொடுங்கள். பல சிஸ்டங்களுக்கு டேலி லைசென்ஸ் கொடுக்கும் கேட்வே சர்வரும் இதே ஜாதிதான்.

இத்தனைக்குப் பிறகும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே பல நிமிடம் நிற்கிறதா? 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் டிஸ்க் பெயரின் கீழ் எச்டிடி (பழைய ஹார்ட் டிஸ்க்) என்று இருந்தால் பட்டியலைச் சுத்தம் செய்வதில் இனி பெரிய பலன் இல்லை. ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். பழைய டிஸ்கை அப்படியே நகலெடுக்க (குளோன் செய்ய) கொடுக்குமுன் டேலி டேட்டா ஃபோல்டரைப் பென் டிரைவில் எடுத்து, வேறொரு சிஸ்டத்தில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.