பழைய சாக்ஸபோன் தேடிப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாடு போகும்போது பழைய சாக்ஸபோன் ஒன்று கிடைக்குமா என்று பார்க்கிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: போனில் 'இசைக்கருவிக் கடை' என்று தட்டி, வரைபடம் காட்டுகிற இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். போய்ப் பார்த்தால் சுவர் நிறைய கிட்டார். ஒரு மூலையில் மட்டும், மாணவர்களுக்கான புத்தம்புது ஆல்ட்டோ (டெனரைவிடச் சிறிய சாக்ஸபோன்) ஒன்று கண்ணாடிக்குள் இருக்கும். அரை நாள் போய்விடும்.

பழைய சாக்ஸபோன் வியாபாரம் நடக்கும் இடமே வேறு. 60, 70 வருடம் ஆன கருவியை விற்க வேண்டுமென்றால் அதை முழுக்கப் பிரித்து, பேட் (துளைகளை மூடும் மெத்தை) மாற்றி, ஸ்பிரிங் மாற்றி, விரலால் அழுத்தும் கீக்களின் ஆட்டத்தைச் சரிசெய்தாக வேண்டும். அதனால் இந்தக் கருவிகள் அந்த வேலை தெரிந்தவர்களிடம்தான் போய்ச் சேருகின்றன. கடையைத் தேடாதீர்கள், ரிப்பேர் செய்பவரைத் தேடுங்கள். உள்ளூர் மொழியிலேயே 'காற்றுக்கருவி ரிப்பேர்' என்று தேடினால் வேறு பட்டியல் வரும். அதில் சில பட்டறைகள் மாடியில் இருக்கும், முன்கூட்டி நேரம் வாங்காமல் கதவு திறக்காது. அவர்களிடம் நல்ல கருவி இல்லாவிட்டாலும், யாரிடம் இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

புகழ்பெற்ற இசைக்கருவித் தெருக்களை நம்பிப் போவதும் இதே ரகம். நியூயார்க்கின் 48வது தெருவைப் பற்றிப் பழைய கதைகள் நிறைய உண்டு. ஆனால் அந்தக் கடைகளில் பெரும்பாலானவை இன்று அங்கே இல்லை. லண்டனின் டென்மார்க் தெரு கிட்டார்காரர்களுடையது. பாரிஸின் ரூ த ரோம் வயலின் செய்பவர்களுக்குப் பேர்போனது. டோக்கியோவில் ஒச்சனோமிசு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அங்கேயும் கிட்டாரின் ராஜ்ஜியம்தான். சாக்ஸபோன் வாசிப்பவர்கள் ஷின்-ஒகுபோ பக்கம் போவார்கள்.

போகும் முன் ஒரு மின்னஞ்சல் போடாமல் இருப்பது இன்னொரு தவறு. பிரான்ஸில் பல சிறு கடைகள் ஞாயிறோடு திங்களும் மூடியிருக்கும். அது போக, கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டால் பாதி கடைகளுக்குப் போகவே தேவையிருக்காது: என்ன மாடல், வரிசை எண் என்ன, பேட் எப்போது மாற்றியது, லாக்கர் (உலோகத்தின் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு) பழையதா புதிதாகப் பூசியதா, எவ்வளவு நேரம் வாசித்துப் பார்க்கலாம். இதற்கெல்லாம் மழுப்பலாகப் பதில் வந்தால் அந்தக் கடையை விட்டுவிடலாம்.

அப்புறம், பெயர் மோகம். பிரான்ஸின் செல்மர் நிறுவனம் செய்த மார்க் சிக்ஸ் என்றாலே விலை எகிறும். 1954-இல் வந்து, எழுபதுகளின் நடுப்பகுதி வரை தயாரான மாடல் அது. அதிலும் வரிசை எண் ஐந்து இலக்கமாக, அதாவது ஆரம்ப காலத்தியதாக, இருந்தால்தான் உசத்தி என்று ஒரு நம்பிக்கை. ஐந்து இலக்கத்தில் சுமாரானதும் உண்டு, ஆறு இலக்கத்தில் அருமையானதும் உண்டு. வாசித்துப் பார்க்காமல் எண்ணைப் பார்த்துப் பணம் கொடுப்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம். அமெரிக்காவின் எல்க்ஹார்ட்டில் கான், பியூஷர், மார்ட்டின் ஆகியவையும், கிளீவ்லாந்தில் கிங்கும் செய்த கருவிகள், மார்க் சிக்ஸைவிடப் பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கின்றன. கைக்குப் பழகச் சற்று நாளாகும், ஒலியில் குறையில்லை. இதே தொழிற்சாலைகள், கடைக்காரர்கள் கேட்ட பெயரைப் பொறித்தும் கருவிகள் செய்து கொடுத்தன. கேள்விப்படாத பெயர் என்பதற்காக அவற்றை ஒதுக்கவேண்டாம். துளை விளிம்பும் கீ அமைப்பும் எந்தத் தொழிற்சாலை என்று பழகியவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, சந்தையிலும் பழம்பொருள் கடையிலும் மலிவாகக் கிடைப்பவை? இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், விற்பவர் ஏமாற்றாமலேயே. 1920-களில் சி மெலடி என்றொரு சாக்ஸபோன் சக்கைப்போடு போட்டது. ஆல்ட்டோவுக்கும் டெனருக்கும் இடைப்பட்ட உடம்பு. வீட்டில் பியானோவுக்கு அச்சிட்ட தாளை அப்படியே பார்த்து வாசிக்கலாம் என்பதால் விற்றுத் தள்ளியது. நெக் (மேல்முனைக் குழாய்) வளைவைப் பார்த்து இதை டெனர் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். நல்ல கருவிதான், ஆனால் டெனர் பி ஃபிளாட் சுருதியில் அமைந்தது, இது சி சுருதியில். அதனால் டெனருக்கு எழுதிய எதையும் இதில் அப்படியே பார்த்து மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க முடியாது.

அதைவிட மோசமானது ஹை பிட்ச். அந்தக் காலத்து அமெரிக்கக் கருவிகள் இரண்டு சுருதியில் வந்தன. இன்று நாம் வைக்கும் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ். ஹை பிட்ச் கருவியில் அது ஏறத்தாழ 457. மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் முனையை) வெளியே இழுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துளைகளின் இடைவெளியே வேறு என்பதால் ஒரு ஸ்வரம் சேர்ந்தால் இன்னொன்று விலகும். வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் எச் என்றோ ஹை பிட்ச் என்றோ பொறித்திருந்தால் அது சுவரில் மாட்டத்தான் ஆகும். எல் அல்லது லோ பிட்ச் என்றிருந்தால் கவலையில்லை. அதைக் குறை என்று எண்ணிவிடவேண்டாம். நமக்கு வேண்டியதே அதுதான்.

சொந்த மவுத்பீஸும் அதில் பொருத்தும் பழகிய ரீடும் (அதிரும் நாணல் தகடு) இல்லாமல் கடைக்குள் நுழைவது வீண். கடைக்காரர் கொடுக்கும் மவுத்பீஸில் நன்றாகக் கேட்டது, வீட்டுக்கு வந்ததும் வேறு கருவியாகிவிடும். இருபதுகளின் கருவிகள் உள்ளறை பெரிதான மவுத்பீஸை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. இன்றைய குறுகிய அறை மவுத்பீஸைப் போட்டால் சுருதி அங்கங்கே நழுவும். முடிந்தால் இரண்டு வகையும் எடுத்துப்போங்கள், ட்யூனரும் கூடவே. கடையில் தெரிந்த பாட்டை வேகமாக ஊதிக்காட்டாதீர்கள். கீழ் பி ஃபிளாட்டை மெல்ல, விரலை அழுத்தாமல் ஊதிப் பாருங்கள். எங்காவது கசிவு இருந்தால் அங்கே தெரிந்துவிடும். மூடாத பேட் வழியே ஒளி கசிகிறதா என்று அறிய விளக்கை உள்ளே விட்டுப் பார்க்கலாமா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். ரிப்பேர் கடை என்றால் அவர்களே எடுத்து நீட்டுவார்கள்.

பளபளப்புக்கு மயங்கவும் வேண்டாம். எழுபது வருடக் கருவி கண்ணாடிபோல் மின்னினால், மெருகேற்றும் சக்கரத்தில் தேய்த்து லாக்கர் பூசியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படித் தேய்க்கும்போது உலோகமும் கொஞ்சம் போகும். பெல்லில் (விரிந்த வாய்ப்பகுதியில்) பொறித்த பூவேலையின் ஓரங்கள் மங்கியிருந்தால் அதுதான் அடையாளம். மாறாக, லாக்கர் உதிர்ந்தோ வெள்ளி கறுத்தோ இருப்பதால் பெரிய கெடுதல் இல்லை. நெக்கைப் பக்கவாட்டில் பார்த்து வளைவு தொய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அது சுருதியைத் தொடும் விஷயம்.

கடைசி நாளில் வாங்குவது பலருக்கும் பழக்கம். மறுநாள் விமானம் என்று தெரிந்தவரிடம் யாரும் விலை குறைக்கமாட்டார்கள். முதல் ஓரிரு நாளிலேயே போனால், ஒட்டாத பேட் ஒன்றைச் சரிசெய்து வைக்கச் சொல்லி மறுபடி வந்து ஊதிப் பார்க்க அவகாசம் இருக்கும். ஊருக்குக் கொண்டுபோவது தனிப் பாடு. கூடவே வரும் பழைய பெட்டி அழகாக இருக்கும், சரக்கு அறையில் போட்டால் காப்பாற்றாது. அடி வளைவில் ஓர் இடி பட்டால் கீக்கள் எல்லாம் விலகிவிடும். உறுதியான புதுப் பெட்டி வாங்கி, கீக்கள் அசையாமல் கார்க் துண்டு செருகி, கைப்பையாக ஏற்றப் பாருங்கள். அமெரிக்க விமான நிறுவனங்களில், ஏறும்போது மேலடுக்கிலோ இருக்கைக்கு அடியிலோ இடம் இருந்தால் சிறு இசைக்கருவியை அனுமதிக்கவேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆல்ட்டோவுக்கு அது உதவும். பெரிய உடம்புள்ள பாரிடோனுக்கு அந்த விதி உதவாது.

விலையோடு சேர்த்துக் கட்டும் மதிப்புக் கூட்டு வரி (வாட்) திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வாங்குவதும் தவறு. பிரிட்டனில் (வட அயர்லாந்து நீங்கலாக) 2021 தொடக்கத்திலிருந்து கடையில் வாங்கிக் கையோடு எடுத்துச்செல்லும் பயணிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உண்டு என்றாலும், பழைய பொருள் பல சமயம் வரியைத் தனியாகக் காட்டாத பில்லில்தான் விற்கப்படும். அதை நீட்டித் திரும்பக் கேட்க முடியாது. பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பில்லில் வரிசை எண் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், ஊர் திரும்பும்போது சுங்கத்தில் அதைக் கேட்கலாம்.