கிரேக்கத் தூணா? முதலில் காலைப் பாருங்கள்

கிரேக்கத் தூண்களில் டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்று மூன்று பாணிகள். எது என்று கண்டுபிடிக்க எல்லோரும் அண்ணாந்து தலையைத்தான் பார்ப்போம். இடிந்த கோயில்களில் பல தூண்களுக்குத் தலையே மிச்சமில்லை, அப்போது என்ன செய்வது? கீழிருந்து தொடங்குங்கள்.

பீடம் எதுவுமில்லாமல் தூண் நேராகத் தளத்தின் மேல் நிற்கிறதா? டோரிக். உருண்டு திரண்ட பீடம் இருந்தால் அயோனிக் அல்லது கொரிந்தியன். தலை டோரிக் மாதிரி எளிமையாக இருந்து, கீழே பீடமும் இருந்து, உடம்பு வழவழவென்று இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் ரோமானியர் வழியில் வந்த டஸ்கன்.

அடுத்து, உடம்பில் மேலிருந்து கீழ்வரை ஓடும் பள்ளங்கள். டோரிக்கில் வழக்கமாக 20, அயோனிக்கில் 24. எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். இரண்டு பள்ளங்கள் சேரும் இடம் கத்தி விளிம்பு மாதிரி கூராக இருந்தால் டோரிக், நடுவே தட்டையாக ஒரு பட்டை ஓடினால் மற்ற இரண்டில் ஒன்று.

இப்போது தலை. கிண்ணமும் அதன்மேல் சதுரப் பலகையும் டோரிக், இருபக்கமும் சுருள் அயோனிக், அகாந்தஸ் என்ற செடியின் இலைக்கொத்து கொரிந்தியன். அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது தூண்களுக்கு மேலே ஓடும் பட்டைதான். டோரிக்கில் மூன்று கோடு போட்ட கல் ஒன்று, சிற்பப் பலகை ஒன்று என்று மாறி மாறி வரும். முன்னவை ட்ரைகிளிஃப், பின்னவை மெட்டோப். மரத்தில் கோயில் கட்டிய காலத்து உத்தரங்களின் முனைதான் கல்லில் ட்ரைகிளிஃப் ஆனது என்று ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் சொல்கிறார், அடியில் தொங்கும் குட்டிக் குட்டி ஆணிகளைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. அயோனிக்கில் அந்தப் பட்டை இடைவெளியில்லாமல் ஓடும்.

அப்புறம், ஒரு தூணைப் பார்த்துவிட்டு முழுக் கட்டடத்துக்கும் பெயர் வைக்காதீர்கள். ஏதென்ஸில் உள்ள பார்த்தெனான் கோயிலுக்கு வெளியே, முன்னால் 8, பக்கவாட்டில் 17 என்று டோரிக் தூண்கள். உள்சுவரின் உச்சியிலோ சுமார் 160 மீட்டருக்கு அயோனிக் பட்டை. கிரேக்கத்தின் பாசே என்ற இடத்தில் உள்ள அப்பல்லோ கோயிலில் வெளியே டோரிக், உள்ளே அயோனிக், அதற்கும் உள்ளே தன்னந்தனியாக ஒரு கொரிந்தியன்!

பழகிப் பார்க்க ஏதென்ஸில் ஒலிம்பிய ஜீயஸ் கோயிலுக்குப் போங்கள். 15 தூண்கள் நிற்கின்றன. 1852 புயலில் விழுந்த ஒன்று, பிஸ்கட் பாக்கெட் சரிந்த மாதிரி வட்டு வட்டாகக் கிடக்கிறது. தலையை மறந்துவிட்டு, பள்ளங்களுக்கு நடுவே பட்டை இருக்கிறதா என்று அதில் பாருங்கள்.