முதியோரின் தோலைப் பரிசோதிப்பது எப்படி: இராமநாதபுரக் கடற்கரைக் குடும்பங்களுக்கு

தோல் புற்றுநோய் வெளுத்த தோலுடையவர்களுக்கு மட்டுமே வரும் என்ற எண்ணம் பாம்பன் முதல் தொண்டி வரை பரவலாக இருக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் அதில் ஓரளவு உண்மை உண்டு. 2022-இல் உலகில் ஏறத்தாழ 3,30,000 பேருக்கு மெலனோமா என்னும் நிறமிச் செல் புற்று கண்டறியப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். ஆஸ்திரேலியாவில் 1981-இல் தொடங்கிய வெயில் பாதுகாப்புப் பிரச்சாரத்துக்குப் பின் இளையோரிடையே மெலனோமா குறைந்தது, முதியோரிடையே உயர்ந்தது. இளமையில் பட்ட வெயிலின் சேதம் செல்களில் சேர்ந்துகொண்டே போய்ப் பல பத்தாண்டுகள் கழித்து நோயாக வெளிப்படுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நம் தோலின் கருமை வெயிலை நன்றாகவே தடுக்கிறது. ஆனால் நம்மிடையே மெலனோமா வரும்போது, வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில்தான் அதிகம் வருகிறது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்திருந்தனர். முதியோர் பெருகப் பெருக இந்நோயாளிகளும் கூடுவார்கள் என்பதால், மாதம் ஒருமுறை வீட்டுப் பெரியவர்களின் தோலைப் பார்க்கும் வழக்கம் நமக்குத் தேவை.

பாதத்திலிருந்து தொடங்குங்கள். பாசி எடுக்கவும் உப்பளத்துக்கும் ஆண்டுக்கணக்கில் சென்ற ஒருவரின் பாதத்தில் பித்தவெடிப்புக்குள் கரிய அழுக்கு அடைந்திருக்கும். காலாணியும், சீமைக் கருவேல முள் ஏறிய பழைய புள்ளிகளும் இருக்கும். இவற்றுக்கிடையே ஒரு புதிய கறுப்புப் படை எவர் கண்ணுக்கும் எளிதில் படாது. ஆகவே வெந்நீரில் பாதத்தை ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தபின், காலை வெளிச்சத்தில் வாசலில் உட்காரவைத்து, விரலிடுக்குகளை விரித்துப் பாருங்கள். கழுவியும் போகாத கருமை, ஓரம் ஒழுங்கற்றுப் பரவும் புள்ளி, ஒரே மச்சத்தில் பல நிறங்கள், இரத்தம் கசியும் "காலாணி" ஆகியவற்றைக் கவனியுங்கள். பல நகங்களில் மெல்லிய கருங்கோடுகள் இருப்பது நம்மவர்களுக்கு இயல்பு. ஒரே நகத்தில் கோடு அகன்றுகொண்டே போனாலோ, நகத்தை ஒட்டிய தோலுக்கும் கருமை பரவினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். சந்தேகப்படும் இடத்தின் அருகில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கைபேசியில் படமெடுத்தால், அடுத்த மாதம் அதே நாணயத்தை வைத்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட எளிதாக இருக்கும்.

அடுத்துப் பழைய தழும்புகள். கரிமூட்டத்திலோ அடுப்பிலோ சுட்ட தழும்பு பல ஆண்டுகளுக்குப் பின் வெடித்துப் புண்ணாகி, விளிம்பு தடித்து, துர்நாற்றத்துடன் ஆறாமல் நின்றால், அது புற்றாக மாறியிருக்கக்கூடும். சர்க்கரை நோயாளியின் புண் ஆறத் தாமதமாகும் என்பது உண்மைதான். ஆயினும் நான்கு வாரம் கடந்தும் ஆறாத எந்தப் புண்ணையும் சர்க்கரையின் மேல் பழிபோட்டு விட்டுவிடக் கூடாது.

முகத்தில் மூக்கோரம், இமை, காது, கீழுதடு ஆகியவற்றைப் பாருங்கள். பளபளப்பான கரிய சிறு கட்டி, பொருக்குத் தட்டி உதிர்ந்து மீண்டும் தட்டும் இடம் இரண்டும் சோதிக்கத்தக்கவை. பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள் எந்த வயதிலும் வெயிலிலிருந்து முழுமையாகக் காத்துக்கொள்ள வேண்டும்.

சந்தேகமான இடத்தில் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பதும், பிளேடால் சீவுவதும், காலாணி பிளாஸ்திரி ஒட்டுவதும் கூடவே கூடாது. மேல்தோல் எரிந்து அடையாளம் மறைந்துபோகும், அடியில் நோய் ஆழமாகும். மெலனோமா எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தே பிழைக்கும் வாய்ப்பு அமைகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நிலையில் வெட்டி எடுத்தால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். கத்தி பட்டால் புற்று பரவும் என்று பெரியவர்கள் அஞ்சினால், பரிசோதனைக்காகச் சிறு சதைத் துண்டு எடுப்பதால் நோய் பரவுவதில்லை என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் அந்த இடத்தைக் காட்டலாம். தோல் மருத்துவரிடம் போகும்போது மாதவாரியாக எடுத்த படங்களையும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.