மெழுகுப்பூச்சியைக் குறை சொல்லும் முன் புழு அறையைப் பாருங்கள்

தேனீப் பெட்டியைத் திறந்தால் அடையெல்லாம் நூலாம்படை பின்னிக் கிடக்கிறது, இடையில் கறுப்புக் கறுப்பாய் எச்சம். உடனே, "மெழுகுப்பூச்சி கூட்டத்தையே அழிச்சிடுச்சு" என்று, அடையைத் தின்னும் புழுக்களின் தாயான அந்த அந்துப்பூச்சி மேல் பழி போடுகிறோம். பெரும்பாலும் நடந்தது தலைகீழ். பலமான கூட்டம் அந்தப் பூச்சியை அண்டவிடாது. ஈக்கள் குறைந்து அடைகள் வெறுமையாகும்போதுதான் அது குடியேறுகிறது. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தேன் சீசனில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் எடுத்துவிட்டு, மழைக்காலத்தில் ஈக்களுக்குச் சர்க்கரைப் பாகும் வைக்காமல் விட்ட பெட்டிகளில் இது சகஜம்.

பட்டினி இல்லையென்றால் நோயைத் தேட வேண்டும். இந்தியத் தேனீயில் முதல் சந்தேகம், தேனீயின் புழுக்களைக் கொல்லும் தாய் சேக்புரூட் வைரஸ். பெயரில் உள்ள 'தாய்' தாய்லாந்து. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் எத்தனையோ பெட்டிகளைக் காலியாக்கிய நோய் இது. வளர்ந்த ஈக்கள் வழக்கம்போல் பறக்கும். வாசலை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவதுதான் இங்கே தவறு. அடையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மூடி திறந்த அறைகளில் தேனீப் புழு தலையைத் தூக்கியபடி நீண்டு செத்திருக்கும். இடுக்கியால் மெதுவாக எடுத்தால், நீர் கோத்த பை போலத் தொங்கும். காய்ந்தபின் படகு போல வளைந்த பொருக்கு. நாற்றம் இருக்காது.

மூடாத அறையிலேயே இளம்புழு முறுக்கிக்கொண்டு மஞ்சளாகச் செத்து, புளித்த வாடை வந்தால் அது வேறு: பாக்டீரியாவால் வரும் ஐரோப்பிய புழு அழுகல் நோய்.

இந்த இரண்டு நோயையும் பிரித்துப் பார்க்காமல் பாகில் ஆன்டிபயாடிக் கலந்து வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. வைரஸை அது ஒன்றும் செய்யாது. மருந்துதான் தேனில் தங்கும். ராணியைச் சில வாரம் கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்துங்கள், நோய் கண்ட அடைகளை எடுத்துவிடுங்கள். அப்புறம் நோய் தாக்காத கூட்டத்திலிருந்து புது ராணி கொடுங்கள். பாவம் பார்த்து நோய்ப்பெட்டியை நல்ல பெட்டியோடு இணைத்தால் இரண்டும் போகும்.

இத்தாலியத் தேனீ வளர்ப்பவர்கள் மூடிய புழு அறைகளைக் கீறி, தேனீயில் ஒட்டி வாழும் வரோவா உண்ணியையும் தேட வேண்டும்.

கடைசியாக, இல்லாத நோயைக் கண்டு பயப்படுவதும் உண்டு. இந்தியத் தேனீயின் ஆண் ஈ அறை மூடியில், நடுவே ஊசிமுனை அளவு துளை இருக்கும். அது இயல்பு. அந்த அடையை வெட்டிவிடாதீர்கள்.